8 யூரோ பாட்டில்கள்: மூன்றாவது மாதம்

தூரினுக்குக் குடிவந்ததும் எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி: வாரம் ஒரு இத்தாலியச் சிவப்பு ஒயின், விலை 8 யூரோவைத் தாண்டக் கூடாது, பாதியை மறுநாள் சாப்பாட்டோடு குடிக்க வேண்டும். இதுவரை 12 பாட்டில்.

தொடங்கியது உள்ளூர் பியமோந்தே சரக்கில். பார்பேரா தாஸ்தியை வெறும் வாயில் குடித்துவிட்டு, இதென்ன இவ்வளவு புளிப்பு என்று மூடி வைத்துவிட்டேன். அந்தத் திராட்சையின் சுபாவமே அதுதான்: புளிப்பு தூக்கல், துவர்ப்பு கம்மி. மறுநாள் சலாமியோடு (கொழுப்புள்ள, உலரவைத்த பன்றி இறைச்சித் துண்டுகள்) குடித்தபோது அதே புளிப்பு நாக்கைக் கழுவிவிட்டது. சலாமி தீர்ந்தபோது பாட்டிலும் காலி. தோல்ச்செத்தோ நேர் எதிர். பெயரில் 'இனிப்பு' இருக்கிறதே தவிர ஒயினில் இல்லை. புளிப்பு அடங்கி, கடைசியில் பாக்கு மென்றது போல ஒரு துவர்ப்பு.

ஏழாவது வாரம் அப்ரூட்ஸோ பகுதியின் மோன்தெபுல்ச்சானோ. மை போலக் கறுப்பு, நாவல்பழத்தை நினைவூட்டும் ருசி. ரொம்பப் பிடித்துப்போய், அடுத்த வாரம் விதியை மீறி இரண்டு மடங்கு விலையில் 'வீனோ நோபிலே தி மோன்தெபுல்ச்சானோ' வாங்கினேன். அதே ஒயினின் உசத்தி ரகம் என்று நினைப்பு. ஊற்றினால் வெளிர் சிவப்பு; செர்ரி வாசம், புளிப்பு. கெட்டுப்போனதோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். அப்புறம்தான் விளங்கியது: அப்ரூட்ஸோவில் மோன்தெபுல்ச்சானோ என்பது திராட்சையின் பெயர், தொஸ்கானாப் பகுதியில் ஓர் ஊரின் பெயர். அந்த ஊர் ஒயினில் குறைந்தது 70% சாஞ்சோவேசே இருக்க வேண்டும். தொஸ்கானாவின் பிரபல ஒயினான கியாந்தியின் முக்கியத் திராட்சையும் அதுவே. ஆக நான் வாங்கியது கியாந்தியின் பங்காளி. லேபிளைப் படிக்காதது என் தப்பு.

ஜூலையில் சிசிலியின் நேரோ தாவோலா. சமையலறை 30 டிகிரி, கிளாஸில் சாராய நெடி மட்டும்தான் வந்தது. அரைமணி நேரம் ஃபிரிஜ்ஜில் வைத்தபின் பழவாசம் எட்டிப் பார்த்தது. இப்போது எந்தச் சிவப்பானாலும் கோடையில் அப்படித்தான்.

சோடா மாதிரி பொங்குகிறதே என்று நான் ஒதுக்கி வைத்திருந்த லாம்புருஸ்கோதான் பெரிய ஆச்சரியம். எமிலியா பக்கத்து ஒயின். நன்றாகக் குளிரவைத்துக் குடிப்பது. லேபிளில் 'செக்கோ' என்று இருந்தால் இனிப்பில்லாதது. பொலோஞா ஊரின் மோர்த்தாதெல்லாவோடு (பன்றி இறைச்சிச் சாசேஜ்) குடித்துவிட்டு, மறுநாளே இன்னொன்று வாங்கினேன். வாரம் ஒன்று என்ற விதியும் போயிற்று.

அடுத்தது தெற்கு இத்தாலியின் அல்யானிக்கோ, 8 யூரோவுக்குள் சிக்கினால்.