இடுப்பெலும்பைப் பிடிக்கத் தெரிந்த இரவு

மட்டக்களப்பில் மருத்துவம் படிக்க வந்த முதல் வருடம் வைவா என்கிற வாய்மொழிப் பரீட்சையில் என்னை விழுத்தியது மூளையோ இதயமோ இல்லை, இடுப்பெலும்பு. கையில் தந்து, "எந்தப் பக்கத்து எலும்பு? உடம்பில் இருக்கிற மாதிரியே பிடியுங்க" என்றார் சேர். பெயரெல்லாம் பாடம். உயர்தரத்தில் என்பு என்று தமிழில் படித்துவிட்டு வந்து, அதே சாமான்களை ஆங்கிலத்தில் மனனம் பண்ணவே இரண்டு கிழமை போயிருந்தது. பிடிக்க மட்டும் தெரியவில்லை.

அன்றிரவு விடுதியில், சீனியர் அக்கா ஒருவர் தந்த எலும்புப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்தபோது அக்கரைப்பற்று நண்பன் வந்தான். "மச்சான், சுவரோட வைச்சுப் பார்." முன்பக்கத்து மேல் முள் என்கிற எலும்பு முனையும், பியூபிக் டியூபர்க்கிள் என்கிற கீழே உள்ள சின்னப் புடைப்பும் ஒன்றாகச் சுவரைத் தொட வேண்டும், தொடையெலும்பின் தலை இருக்கும் கிண்ணக்குழி வெளிப்பக்கம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வைத்தேன். எலும்பின் மேல்பகுதியான இலியம் விசிறி போல மேலே விரிவதும், நாம் உட்காரும்போது பாரம் தாங்கும் இஸ்கியம் பின்னால் இறங்குவதும், பியூபிஸ் முன்னுக்கு வருவதும், மூன்றும் அந்தக் குழிக்குள் சந்திப்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு அந்தச் சந்தியில் ஆங்கில ஒய் எழுத்து மாதிரிக் குருத்தெலும்புதான் இருக்கும், எக்ஸ்ரேயில் அந்த இடைவெளியை முறிவு என்று நினைத்துவிடக் கூடாது.

அப்புறம் எலும்பின் பின்பக்கத்தில் வளைவாக உள்ள பெரிய சியாட்டிக் வெட்டுக்குள் கட்டைவிரலை வைக்கச் சொன்னான். விரல் தாராளமாக அசைந்தால் பெரும்பாலும் பெண்ணின் எலும்பு, இறுக்கினால் ஆணுடையது. என் விரல் தாராளமாக அசைந்தது. யாரோ ஒரு அம்மா. அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை நான் தரையில் வைத்ததில்லை.

அடுத்த தடவை வைவா பாஸ்.

ஆனால் அந்த எலும்பு உண்மையில் கைகொடுத்தது வார்ட்டில்தான். காய்ச்சலும் கழுத்து இறுக்கமுமாக வந்த வயதான ஐயா ஒருவருக்கு முதுகில் நீர் எடுக்க வேண்டியிருந்தது. எங்கே குத்துவது, காட்டுங்க என்று டொக்டர் என்னிடம் சொன்னார். சுருண்டு படுத்திருந்தவரின் இடுப்பில் இரண்டு கையையும் வைத்து, இலியத்தின் விளிம்பு எங்கே ஆக உயரமாக இருக்கிறதென்று தடவிப் பிடித்து, கட்டைவிரல்களை முதுகு நடுவுக்குக் கொண்டுவந்தேன். அந்தக் கோடு ஏறக்குறைய நான்காவது லம்பார், அதாவது கீழ்முதுகு, முள்ளென்பில் போகும். வளர்ந்தவர்களுக்கு முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத்தண்டான முண்ணாண் பொதுவாக முதலாம் இரண்டாம் லம்பார் அளவிலேயே முடிந்துவிடும், ஆகவே நான்காவதுக்கு உடனே மேலேயோ கீழேயோ உள்ள இடைவெளியில் ஊசி போனால் அதில் படாது. சுவரில் வைத்துப் பார்த்த அதே விளிம்பு, தோலுக்குக் கீழே சூடாக இருந்தது.

"நோகுமா மனே?" என்றார் ஐயா.

"விறைக்க மருந்து போட்டுத்தான் குத்துவாங்க ஐயா" என்றேன், டொக்டர் குறி வைக்கும் வரைக்கும் விரலை எடுக்காமல்.