ரிப்போர்ட்டில் ஈஎஸ்பிஎல் என்று வந்தால்

யூரின் கல்ச்சர் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டில் 'ஈஎஸ்பிஎல் ஈ.கோலை' என்று வந்துவிட்டால் குடும்ப மருத்துவர்கள் சிலரின் முகமே மாறிவிடுகிறது. ஈ.கோலை என்பது குடலில் வாழும் ஒரு பாக்டீரியா; ஈஎஸ்பிஎல் என்பது பல ஆன்டிபயாடிக்குகளை முறித்துவிடும் என்சைம், அதைச் சுரக்கும் கிருமியையும் அப்படியே சொல்வோம். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அனுப்புகிறவர்கள் உண்டு. சிறுநீர் எரிச்சலோ காய்ச்சலோ இல்லாதவருக்கு மெரோபெனம் என்ற வீரியமான ஆன்டிபயாடிக் ஊசி எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டுமே பயத்தில் செய்வது, நஷ்டம் நோயாளிக்கு.

கிருமி உடம்பில் தங்கியிருப்பது வேறு, நோய் உண்டாக்குவது வேறு. இந்தக் கிருமி தங்குமிடம் குடல். நெதர்லாந்துப் பயணிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2017இல் வெளிவந்தது. தெற்காசியாவுக்கு வந்து போனவர்களில் நான்கில் மூன்று பேருக்குக் குடலில் ஈஎஸ்பிஎல் புதிதாக ஒட்டியிருந்தது. வந்து போனவர்களுக்கே இப்படி என்றால், இங்கேயே வாழ்கிறவர்களைக் கேட்கவா வேண்டும்? உங்கள் கிளினிக்கில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருப்பவர்களில் பலர் ரிப்போர்ட் இல்லாமலே அதைச் சுமக்கிறார்கள். ரிப்போர்ட் உள்ளவரை மட்டும் ஒதுக்குவதில் அர்த்தமே இல்லை.

அறிகுறி இல்லாதவருக்கு யூரின் கல்ச்சரே அனுப்பாதீர்கள். சிறுநீர் கலங்கலாக இருப்பதோ நாற்றமடிப்பதோ மட்டும் காரணமாகாது. நாள்பட்ட கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) உள்ளவருக்கு எப்போது அனுப்பினாலும் ஏதாவது வளரும். விதிவிலக்கு இரண்டு: கர்ப்பிணிகள், சிறுநீர்ப் பாதைக்குள் கருவி விட்டு ரத்தக்கசிவு வரக்கூடிய சிகிச்சைக்குப் போகிறவர்கள். மற்றவர்களுக்குத் தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் கொடுத்தால் குடலில் உள்ள சாதாரணக் கிருமிகள் செத்து, எதிர்ப்புள்ளதற்கு இடம் காலியாகும்.

எரிச்சலும் அடிக்கடி சிறுநீர் போவதும் மட்டும் இருக்கும் பெண்ணுக்கு, ரிப்போர்ட்டில் சென்சிடிவ் (அந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும்) என்று இருந்தால், வாய்வழி மருந்தே போதும். நைட்ரோஃபியூரான்டாயின் 100 மி.கி. எஸ்ஆர் (மெதுவாகக் கரையும் வகை) இருவேளை 5 நாள், அல்லது ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் பொடி ஒரே வேளை. இவை சிறுநீரில் நிறையச் சேரும், சிறுநீரகத் திசுவில் போதிய அளவு ஏறாது. அதனால் குளிர்காய்ச்சல், விலாவலி, வாந்தி இருந்தால் இவற்றை நம்பி வீட்டில் வைத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். கிரியாட்டினின் ஏறியிருப்பவருக்கு, அதாவது சிறுநீரகம் சரியாக வடிகட்டாதவருக்கு, நைட்ரோஃபியூரான்டாயின் சிறுநீருக்குள்ளேயே சரியாக இறங்காது. வேலை செய்யாததோடு பக்கவிளைவும் கூடும்.

மருந்துக்கு எதிர்ப்புள்ள இன்னொரு பாக்டீரியாவான எம்ஆர்எஸ்ஏ கதை வேறு. அது மூக்கிலும் தோலிலும் இருப்பது. சீழ்க்கட்டிகள் திரும்பத் திரும்ப வருகிறவருக்கு அந்தக் கிருமியை அகற்றிப் பார்க்கலாம். மூக்கினுள் 2% முபிரோசின் களிம்பு இருவேளை, 4% குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் குளியல் தினமும், இரண்டும் 5 நாள். துண்டையும் தலையணை உறையையும் மாற்றாவிட்டாலும், ஆறாத புண் இருந்தாலும் திரும்பி வந்துவிடும்.

கிளினிக்கில் பரப்புவது பெரும்பாலும் நம் கைதான். ஒவ்வொருவரையும் தொடுமுன்னும் தொட்டபின்னும் ஆல்கஹால் ரப், 20 முதல் 30 விநாடி. விரல் நுனியும் கட்டைவிரலும்தான் விட்டுப்போகும் இடங்கள். கையுறையைக் கழற்றிய பிறகும் தேய்க்க வேண்டும். ஸ்டெதஸ்கோப்பை 70% ஆல்கஹாலால் துடையுங்கள். கசியும் புண்ணுக்கு டிரஸ்ஸிங் இருந்தால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். பிபி பார்க்க வந்தவரைக் காக்கவைக்க வேண்டியதில்லை.

நோயாளியிடமும் சொல்லி அனுப்புங்கள்: பேரக்குழந்தையைத் தூக்கலாம், சமைக்கலாம், கழிவறை போய் வந்ததும், சமைக்கும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். ஆபரேஷனுக்கோ ஐசியூவுக்கோ போக நேர்ந்தால் அந்த ரிப்போர்ட்டை மறக்காமல் காட்டச் சொல்லுங்கள். அங்கே எந்த ஊசியில் தொடங்குவது என்பதற்கு அது உதவும்.