கிழக்கே போக முதலில் மேற்கே: மட்டக்களப்பிலிருந்து மெல்பேர்ண்

மெல்பேர்ணில் வசிக்கும் அக்காவைப் பார்க்க யூலை மாதத்தில் அம்மாவை அழைத்துச் சென்றேன். சீட்டில் இலங்கையின் மேற்கே உள்ள கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து இரவு 11.55க்குப் புறப்பாடு, மறுநாள் பிற்பகல் 2.55க்கு வருகை என்றிருந்ததைக் கண்ட அம்மா, "பதினைஞ்சு மணித்தியாலம் குந்திக்கொண்டு இருக்கேலாது மகன்" என்று மறுத்துவிட்டார். குளிர்காலத்தில் மெல்பேர்ண் கடிகாரம் நம்முடையதைவிட நாலரை மணித்தியாலம் முந்தி ஓடுகிறது என்பதையும், அதைக் கழித்தால் பறப்பது பத்தரை மணித்தியாலம்தான் என்பதையும் விளக்கி அவரைச் சம்மதிக்க வைக்க இரண்டு நாள் பிடித்தது.

உண்மையில் எங்களைக் களைப்படையச் செய்தது விமானமன்று. நண்பகலில் மட்டக்களப்பில் வான் வண்டியில் ஏறி, ஓட்டமாவடி, வெலிகந்தை, பொலன்னறுவை, ஹபரணை, குருநாகல் வழியாக ஏறத்தாழ 300 கிலோமீற்றரைக் கடந்து கட்டுநாயக்கவை அடைந்தபோது இரவு ஏழு மணியாகிவிட்டது. அதன்பின் வரிசைகளிலும் காத்திருப்பிலும் ஐந்து மணித்தியாலம் போனது. வீட்டு வாசலிலிருந்து மெல்பேர்ண் ஓடுபாதை வரை கழிந்த இருபத்திரண்டரை மணித்தியாலத்தில் பாதிக்கும் குறைவாகவே நாங்கள் விமானத்தில் இருந்தோம்.

இதில் வேடிக்கையான கணக்கொன்று உண்டு. கட்டுநாயக்கவுக்கும் மெல்பேர்ணுக்கும் இடையிலான நேர்த்தூரம் சுமார் 8,350 கிலோமீற்றர். மட்டக்களப்பு விமான நிலையத்திலிருந்து அளந்தால் அது சுமார் 8,250 தான். அதாவது, நூறு கிலோமீற்றர் அருகில் இருந்துகொண்டு, தொலைவைக் கூட்டிக்கொள்வதற்காகவே ஒரு பகல் முழுவதும் மேற்கே ஓடுகிறோம். ஹபரணையில் தேநீர் குடித்தபடி இதைச் சொன்னபோது, "நம்மட கடலுக்கு மேலால நேரே போகேலாதா?" என்று கேட்டார் அம்மா. அங்கிருந்து பெரிய விமானங்கள் போவதில்லை என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இருக்கவில்லை.

பூகோள உருண்டையில் நூலைப் பிடித்து இழுத்தால் கிடைக்கும் மிகக் குறுகிய பாதை, கட்டுநாயக்கவிலிருந்து தென்கிழக்காக அம்பாந்தோட்டைப் பக்கம் கரையை விட்டு, சுமார் 1,200 கிலோமீற்றரில் பூமத்திய ரேகையைத் தாண்டி, அவுஸ்திரேலியாவின் வடமேற்கு முனையில் எக்ஸ்மவுத் அருகே மீண்டும் நிலத்தைத் தொடுகிறது. விமானிகள் காற்றைப் பார்த்து அந்தக் கோட்டிலிருந்து விலகுவதுண்டு. பயணத்தின் பாதிக்கு மேல் இந்து சமுத்திரமே. இருட்டில் அதைப் பார்க்க எதுவுமில்லை, அம்மாவும் நன்றாக உறங்கினார். விடிந்த பின் கீழே விரிந்த செம்மண் வெளியைத்தான் அவர் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

திரும்புகையில் தென் அகலாங்குகளில் மேற்கிலிருந்து வீசும் உயரக் காற்று எதிர்த்ததால் பயணம் அரை மணித்தியாலம் நீண்டது. கட்டுநாயக்கவில் சக்கரம் தரையைத் தொட்டதும் அம்மா கேட்டது, மட்டக்களப்புக்கு இன்னும் எத்தனை மணித்தியாலம் என்றுதான்.