வளவு வீட்டை வைத்துச் சிங்கப்பூர்ச் சம்பளத்தை அளக்காதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வரும் பிள்ளைகளை முதல் வருஷத்தில் அதிகம் அழுத்துவது வாடகை அல்ல, 'கடைசிவரை சாதாரண ஆளாகவே இருந்துவிடுவோமோ' என்ற பயம். முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக நிற்கும் நகரத்தார் (செட்டியார்) வளவு வீடுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது வரத்தான் செய்யும். ஆனால் அந்த வீடுகளின் கணக்கை நாம் சரியாகப் படிக்கவில்லை.

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போன நகரத்தார் எல்லோரும் முதலாளிகள் அல்லர். சம்பளச் சீட்டு (வேலை ஒப்பந்தம்) எழுதிப் போனவர்கள் ஏராளம்; தவணை பெரும்பாலும் மூன்று வருஷம். பெட்டியடிப் பையனாக (எடுபிடியாக) சேர்ந்து, அடுத்தாளாகி (உதவியாளராகி), பிறகுதான் கடைப் பொறுப்பேற்கும் மேலாள். சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கியில் (தொழிலும் தங்கலும் சேர்ந்த கட்டடத்தில்) ஒரே நீளக் கூடத்தில் பல வட்டிக்கடைகள் நடந்தன. ஒரு கடைக்கு ஒரு பெட்டி, ஓர் அலமாரி. ராத்திரி அதே தரையில் பாய். அந்தச் சம்பாத்தியத்தில் எழும்பிய வீட்டிலும் ஒரு புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒரு தம்பதிக்கு, வந்த பங்கு என்ன? வளவை, அதாவது நடு முற்றத்தை, ஒட்டி ஓர் அறை, பின்கட்டில் தனி அடுப்பு. தேக்குத் தூணும் இத்தாலி மார்பிளும் பல பேருடைய பல வருஷ வரவு. அந்த வரவும் நிலைக்கவில்லை. 1930-களில் நெல் விலை விழுந்தபோது பர்மாவில் கடனுக்கு ஈடாக நிலம்தான் கைக்கு வந்தது. 1942-இல் ஜப்பான் படை நுழைந்ததும் அதையும் விட்டு ஓடிவர வேண்டியிருந்தது.

அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வீட்டை அல்ல, ஐந்தொகையை, அதாவது சொத்து ஒரு பக்கமும் கடன் ஒரு பக்கமுமாக எழுதும் கணக்கை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரே தாளில் போடுங்கள். எல்லாம் வெள்ளியில் (சிங்கப்பூர் டாலரில்) இருக்கட்டும். சம்பளத்தை மட்டும் ரூபாயாக்கிப் பார்ப்பதுதான் முதல் பிழை. வாடகையும் சாப்பாடும் வெள்ளியில்தானே போகின்றன.

இரண்டாவது பிழை வரியில். இங்கே மாதாமாதம் சம்பளத்தில் வருமான வரி பிடிப்பதில்லை. இந்த வருஷச் சம்பாத்தியத்துக்கு அடுத்த வருஷம்தான் நோட்டீஸ் வரும். வங்கியில் இருப்பதெல்லாம் சேமிப்பு என்று நம்பியவர்கள் அப்போது தடுமாறுகிறார்கள். மாதம் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கி, ஐந்தொகையில் கடன் பக்கம் எழுதுங்கள். ஜைரோ (வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஏற்பாடு) மூலம் 12 மாதத் தவணை வரை வட்டியில்லாமல் கட்டலாம்.

வாடகை முன்பணம் செலவல்ல, வரவேண்டிய பணம். சொத்துப் பக்கம் போகும். ஒரு வருஷ ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை கேட்பது வழக்கம். ஒப்பந்தத்தின் மொத்த வாடகையில் 0.4 சதவீத முத்திரை வரிதான் திரும்பாத செலவு. படிப்புக் கடன் பாக்கியையும் மறைக்காமல் எழுதுங்கள்.

பக்கத்து மேசைக்காரரோடு ஒப்பிடுவது இன்னும் மோசம். அவர் சிங்கப்பூர்க் குடிமகன், வயது 55-க்குள் என்றால், வரம்புக்குட்பட்ட சம்பளத்தில் 20 சதவீதம் அவரும் 17 சதவீதம் முதலாளியும் மத்திய சேம நிதியில் போடுகிறார்கள். வேலை அனுமதியில் வந்தவருக்கு அது கிடையாது. கைக்கு வருவது கூடுதலாகத் தெரியும். முதுமைக்கான பங்கை நீங்களேதான் ஒதுக்க வேண்டும்.

ஒரு கோடு மட்டும் உண்மையிலேயே வலிக்கும். எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கு (வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதிக்கு) 2025 முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி (நிதித்துறைக்கும் வயது கூடியவர்களுக்கும் அதிகம்). மனைவி மக்களை அழைத்துவர நிலையான மாதச் சம்பளம் 6,000 வேண்டும். இடையில் நிற்பவர் தன்னைத் தோற்றவராக நினைத்துவிடுகிறார். அது அரசு வைத்த வரம்பு, ஆளின் தரத்துக்குப் போட்ட மதிப்பெண் இல்லை. அடுத்த சம்பளப் பேச்சில் போனஸைவிட அடிப்படைச் சம்பளத்தை உயர்த்தக் கேளுங்கள்.

ஒவ்வொரு ஐந்தொகையையும் உங்களுடைய முந்தைய ஐந்தொகையோடு மட்டும் வைத்துப் பாருங்கள். சம்பளம் ஏறியும் நிகரம் (சொத்தில் கடன் போக மிச்சம்) இறங்கினால் முதலில் வாடகையைப் பாருங்கள். ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே வேறு அறை தேடத் தொடங்குங்கள். கடைசி வாரத்தில் தேடினால் கேட்ட விலைக்குத்தான் எடுக்க நேரும்.