ஆவணி பிறப்பதற்குள்

ஜூலை 6, 2024, சனி

அப்பாவைச் சேர்க்க, துடியலூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லம் பார்த்துவிட்டு வந்தேன். வரவேற்பறையில் மீன் தொட்டி, பெரிய டிவி. சுற்றிக் காட்டிய பெண் யோகா ஹால், பஜனை ஹால், நூலகம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் கேட்டது ஒன்றுதான்: மாத்திரை யார் கொடுப்பார்கள், எத்தனை மணிக்கு?

"டிபன், சாப்பாட்டோட சேர்த்து நர்ஸே கொண்டுவந்து கொடுத்துடுவாங்க மேடம்."

அப்பாவுக்குப் பார்க்கின்சன், உடம்பு இறுகிப்போகிற நரம்பு வியாதி. மாத்திரை ஐந்து வேளை. காலை 6, 9:30, மதியம் 1, 4:30, இரவு 8. சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தால் பிரயோஜனம் இல்லை. அரை மணி நேரமாவது முன்னால் போக வேண்டும். பருப்பும் தயிரும் முதலில் உள்ளே போய்விட்டால் மருந்து சரியாக ஏறாது. இதையெல்லாம் சொன்னேன். "அதெல்லாம் பாத்துக்கலாம் மேடம்" என்றாள். எதிலும் குறித்துக்கொள்ளவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

அப்பா இன்று சட்டைப் பட்டன் எல்லாவற்றையும் அவரே போட்டுக்கொண்டார். கடைசிப் பட்டன் வரை.

ஜூலை 10, புதன்

தம்பி ஷார்ஜாவிலிருந்து பேசினான். "உடுமலை வீட்டை வித்துடலாம்க்கா. அந்தப் பணத்துல கோயமுத்தூர்லயே பெரியவங்களுக்குன்னு கட்டுற வில்லா ஒண்ணு வாங்கிடலாம்." ஒப்பந்த நகலும் அனுப்பியிருந்தான். ராத்திரி உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். நடுவில் ஒரு பக்கத்தில் இருக்கிறது விஷயம்: குடியேறுபவர் தன் வேலைகளைத் தானே செய்துகொள்ளும் நிலையில் இருக்க வேண்டும். அந்த நிலை மாறினால் சொந்தச் செலவில் ஆள் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் உள்ள அசிஸ்டட் லிவிங் பிரிவுக்கு மாற வேண்டும், அதுவும் அங்கே இடம் இருந்தால். அப்பா அந்த நிலையை எப்போதோ தாண்டிவிட்டார். ராத்திரி 2 மணிக்குக் கூப்பிட்டால் எழுந்து வர ஆள் வேண்டும். வில்லாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஹோமுக்கு ஆகும் மாதத் தொகையைச் சொன்னதும் அவன் பேசவில்லை. 45,000. அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. டயப்பர், பிசியோதெரபி தனி. எனக்கும் வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் வீடு அப்பா பெயரில் இருக்கிறது, அப்படியே இருக்கட்டும். பென்ஷன் போக மீதியை இரண்டு பேரும் பாதிப் பாதி போடலாம் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றான்.

ஜூலை 13, சனி

பாத்ரூம் வாசலில் அப்பாவுக்குக் கால் ஒட்டிக்கொண்டது. உடம்பு முன்னால் சாய்கிறது, பாதம் மட்டும் தரையை விட்டு எழவில்லை. பிடித்து இழுத்தால் விழுந்துவிடுவார். "டேப்பைப் பாருங்கப்பா" என்றேன். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் ஓரடிக்கு ஒன்றாகக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறேன், குறுக்குக் கோடுகளாக. அவர் லைன்மேனாக இருந்த காலத்து டூல்ஸ் பையில் கிடந்த டேப்தான். கண்ணைக் கோட்டில் வைத்தார். வலது கால் எழுந்தது, கோட்டைத் தாண்டியது. அப்புறம் அடுத்தது, அடுத்தது. நடக்க மறந்த கால் தாண்டச் சொன்னால் தாண்டுகிறது. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தது இது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

ஆனால் கோடு இந்த வீட்டில்தானே இருக்கிறது.

ஜூலை 16, செவ்வாய்

பேப்பரை வாங்கி அப்பாவே படித்தார். மின் கட்டணம் 4.83 சதவீதம் உயர்வு. ஏதோ சொன்னார், கேட்கவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டார். கம்பத்தின் மேலிருந்து கத்தினால் தெருக்கோடி வரை கேட்ட குரல்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தது. அத்தை ஃபோன் செய்தார். "ஆடியில ஆராச்சும் குடி மாறுவாங்களா கண்ணு? ஆவணி பொறக்கட்டும்." சரிங்கத்தை என்றேன். நிம்மதியாக இருந்தது. ஏன் நிம்மதி என்று யோசிக்கப் பிடிக்கவில்லை.

ஜூலை 20, சனி

தொண்டாமுத்தூர் ரோட்டில் ஒரு இடம். அப்பாவையும் கூட்டிப்போனேன். மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது, ஜில்லென்று காற்று, தூறல். ராத்திரியில் யானை வரும் என்று வாட்ச்மேன் சொன்னதும் அப்பா வேலியைப் பார்த்தார். "சோலார் வேலியாங்க? எத்தன லைனு?" இந்தக் கேள்வி மட்டும் தெளிவாகக் கேட்டது.

எனக்கும் பிடித்துத்தான் போயிற்று, பாத்ரூமுக்குள் போகிற வரைக்கும். அழைப்பு மணிக் கயிறு இருக்கிறது. தரை கழுவும்போது நனையாமல் இருக்க, மேலே சுருட்டி முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். கீழே விழுந்தவர் கைக்கு அது எப்படி எட்டும்? முடிச்சை அவிழ்த்து இழுத்துப் பார்த்தேன். மணி அடித்தது. காத்திருந்தோம். யாரும் வரவில்லை. மேனேஜரே போய் ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார்.

ஆம்புலன்ஸ் டவுனுக்குள் போக முக்கால் மணி நேரமாவது ஆகும் என்றார்கள். டேப் ஒட்டலாமா என்று கேட்டதற்கு, டைல்ஸ் பாழாகிவிடும் என்றார்கள்.

திரும்பும்போது கிணத்துக்கடவு தாண்டி 4:30 மாத்திரை. கார் ஓரத்தில் நிற்க, டம்ளரைப் பிடித்துக்கொண்டேன்.

ஜூலை 24, புதன்

மாமா. "பெத்தவனக் கொண்டுபோய் ஹோம்ல தள்றதுக்கா உன்னைப் படிக்க வெச்சாரு? பெத்தவங்களப் பாத்துக்கோணும்னு சட்டமே இருக்குது, தெரியுமல்ல?" தெரியும் மாமா. 2007-ல் வந்த சட்டம். 14567 என்று முதியோருக்கு உதவி எண்கூட இருக்கிறது. எல்லாம் தெரியும். போன வருடம் காய்ச்சலில் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு ராத்திரி வந்து படுத்தீர்களா? அந்த வார்டில் 9:30 மாத்திரையை அவர்கள் டிராலி வருகிற நேரத்துக்குத்தான் கொடுத்தார்கள், பன்னிரண்டு மணிக்கு. வாய் திறக்க முடியாமல் இறுகிக் கிடந்தார். வாந்தி என்றதும் மெட்டோகுளோப்ரமைடு ஊசி போட்டார்கள். பார்க்கின்சன் இருப்பவர்களுக்கு அதைப் போடவே கூடாது. அதற்கப்புறம் விரலைக்கூட மடக்கவில்லை. அங்கே ஓடி ஓடிக் கேட்டது நான் ஒருத்தி.

இதில் ஒன்றையும் மாமாவிடம் சொல்லவில்லை. வைக்கிறேன் மாமா என்று வைத்துவிட்டேன். கை நடுங்கியது.

ஜூலை 30, செவ்வாய்

வயநாட்டில் நிலச்சரிவு. நாள் முழுக்க டிவி. "லைன்மேனுக எல்லாம் எங்க நிப்பாங்களோ" என்று அப்பா இரண்டு தரம் சொன்னார். மதியம் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. வடவள்ளி. மீன் தொட்டி இல்லை, மலையும் தெரியவில்லை. பெயிண்ட் அங்கங்கே உரிந்திருக்கிறது. நர்ஸம்மா உட்காரச் சொல்லிவிட்டு முதலில் கேட்டது: "சின்டோபா எத்தன மணிக்குக் குடுக்கறீங்க?"

அப்பாவின் மாத்திரைதான் சின்டோபா. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

சார்ட் ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒவ்வொருவருக்கும் தனித்தாள், மணி வாரியாக, கொடுத்தவர் கையெழுத்தோடு. இதே வியாதி உள்ளவர்கள் இன்னும் இரண்டு பேர் அங்கே இருக்கிறார்கள். கொடுக்கக் கூடாத மருந்துகளின் பட்டியலை ஃபைலின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதி வைப்போம் என்றார். மணிக் கயிறு தரையைத் தொட்டுக்கொண்டு தொங்குகிறது. பாத்ரூமுக்கு நிலைப்படி கிடையாது. டேப்? "ஒட்டிக்கோங்க, நானே ஒட்டித் தரேன்." பதிவுச் சான்றை நான் கேட்டதும் எடுத்துக் காட்டினார்கள். ஒரு மாதம் தங்கிப் பார்த்துவிட்டு அப்புறம் டெபாசிட் கட்டலாம்.

அப்பா மேனேஜரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "ஜெனரேட்டர் எத்தன கேவிஏ?" அவருக்குத் தெரியவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்து 62.5 என்றார். அப்பா தலையை ஆட்டினார்.

தம்பிக்கு ஃபோட்டோ அனுப்பினேன். சுவர் பழசாகத் தெரிகிறதே என்று பதில்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

விண்ணப்பத்தில் அப்பாவே கையெழுத்துப் போட்டார். முதல் எழுத்துப் பெரிதாக இருக்கிறது, கடைசி எழுத்து எறும்பு அளவு.

ஆகஸ்ட் 9, வெள்ளி

தூக்கம் இல்லை. பகலில் சரி, அந்த நர்ஸம்மா இருப்பார். ராத்திரி ஷிஃப்ட்டில் யார்? அவர் லீவு போட்டால்? வேலையை விட்டுப் போய்விட்டால் அந்த சார்ட்டை யார் எழுதுவார்கள்? காலை 6 மணி மாத்திரைதான் முக்கியம், அது தள்ளிப்போனால் அன்றைய நாளே போச்சு. சனிக்கிழமை ராத்திரி 2 மணிக்கு அங்கே ஃபோன் செய்து, யார் எடுக்கிறார்கள் என்று பார்த்தால் என்ன? செய்யத்தான் போகிறேன்.

படுக்கப் போகும்போது அப்பா கேட்டார். "நீ எப்பக் கண்ணு மெட்ராஸ் போற?"

நீங்கள் அங்கே பழகினதும் போகிறேன் என்றேன்.

"செரி. உன்ர வேலையும் பாக்கோணுமல்ல."

ஆகஸ்ட் 11, ஞாயிறு

எடுத்தார்கள். மூன்றாவது ரிங்கில். ஒரு பையன் குரல், தூக்கக் கலக்கம் இல்லை. மன்னிப்புக் கேட்டு வைத்தேன்.

தம்பி பாதி போடுகிறானாம்.

ஆகஸ்ட் 14, புதன்

வேட்டி 6, அரைக்கை பனியன், ஃபிளாஸ்க், ரேடியோ, டெஸ்டர் (கேட்கிறார், கொடுத்துவிடுவோம்), இன்சுலேஷன் டேப் புதுசு 2. மாத்திரை ஒரு மாதத்துக்கு. நேரப் பட்டியல் நாலு ஜெராக்ஸ்.

ஆவணி ஒன்று சனிக்கிழமை. 9 முதல் 10:30 ராகு காலம், அதற்கு முன்னாலேயே உள்ளே போய்விட வேண்டும் என்கிறார் அத்தை. அப்படியானால் 6 மணி மாத்திரை போட்ட கையோடு கிளம்ப வேண்டும். காலையில் பாத்ரூமுக்கே அரை மணி நேரம் ஆகிறது. 5 மணிக்கே கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். நாளை சுதந்திர தினம், கிளினிக் இருக்காது. இப்போதே கூப்பிட்டுப் பார்க்கிறேன்.