கொல்லையில் இருந்து வியாழன்

இந்த ஜனவரியில் (2026) வியாழனைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். 10ஆம் தேதி சூரியனுக்கு நேர் எதிரே வந்தது. மிதுனத்தில் நிற்பதால் கடலூரில் நள்ளிரவு வாக்கில் ஏறக்குறைய நம் தலைக்கு மேலேயே வந்துவிடுகிறது. அவ்வளவு உயரத்தில் குறுக்கே இருக்கும் காற்று குறைவு, படத்துக்கு அதுதான் வரம்.

மொட்டைமாடியை விடக் கொல்லை மண்தரைதான் எனக்குப் பிடிக்கும். தளம் பகல் சூட்டை ராத்திரி முழுக்க விட்டுக்கொண்டே இருக்கும், கோள் நெளியும்.

தொலைநோக்கி வழியாக ஒற்றைப் போட்டோ எடுத்தால் கலங்கலாகத்தான் வரும். அதனால் இரண்டு நிமிட வீடியோ. ஆயிரக்கணக்கான ஃப்ரேம்களில் தெளிவானதை மட்டும் ஆட்டோஸ்டாக்கர்ட் என்கிற மென்பொருள் பொறுக்கி, ஒரே படமாக அடுக்கித் தரும். ரொம்ப நீட்டவும் முடியாது. வியாழன் 10 மணி நேரத்துக்குள் தன்னைத்தானே ஒரு சுற்று சுற்றிவிடும், அதன் மேகப் பட்டைகள் படத்தில் இழுபட்டுப் போகும். அப்புறம் கடல் ஈரம்! தொலைநோக்கியின் முன்கண்ணாடியில் பனி படியும். ஹேர் டிரையர் பக்கத்திலேயே இருக்கும்.

படத்தில் ஓரமாகத் தெரிகிற செம்மஞ்சள் முட்டையைப் பாருங்கள். பெருஞ்சிவப்புப் புள்ளி, ஒரு புயல். நம் பூமியே அதற்குள் அடங்கிவிடும். நம்ம ஊர்க் கொல்லையில் இருந்து அது தெரிகிறது என்பதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் சொல்லுங்கள், கூட்டிக்கொண்டு வாங்க.