அன்னம்மாள் கோவிலில் ஒரு மீகூன் பொட்டலம்

ஜூலைக் கடைசியில் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோவிலுக்குப் போகிறவர்கள் காடியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், நிறுத்த இடம் கிடைக்காமல் பாதி பக்தி ரோட்டிலேயே போய்விடும். நானும் சித்தியும் கோலாலம்பூரிலிருந்து ரயிலில் போனோம். 26ஆம் தேதி மரியாளின் தாயான புனித அன்னம்மாளின் திருநாள், அதற்கு முந்தைய நவநாள்களிலேயே, அதாவது ஒன்பது நாள் ஜெபத்திலேயே, கூட்டம் சேர ஆரம்பித்துவிடும். கத்தோலிக்கர்கள் மட்டும் வருவதில்லை. நெற்றியில் திருநீறோடு வருகிறவர்கள், சீனப் பாட்டிகள், எல்லாரும் மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு 1888இல் கட்டிய பழைய கோவிலுக்கு ஏறுகிறார்கள். கீழே 2002இல் எழுந்த புதிய ஆலயம், சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களுடைய வீடு மாதிரிக் கூரை. 2019இல் ரோம் இதைப் பசிலிக்கா என்ற சிறப்புத் தகுதிக்கு உயர்த்தியது.

வளாகத்தில் செரோக் தோக்குன் பாறையையும் பாருங்கள், கர்னல் ஜேம்ஸ் லோ 1845இல் கண்டு சொன்ன பழைய எழுத்துகள் அதில் உண்டு. கல்லில் எழுத்தைக் கண்டால் உபயம் யார் என்று தேடுவது நம் ஆட்களின் பழக்கம். சித்தியும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். டியூப் லைட்டில்கூடப் பெயர் எழுதிப் பழகியவர்கள்தானே நாம்.

அன்னம்மாளைப் பற்றி பைபிளில் ஒரு வரி கிடையாது. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த, திருச்சபை பைபிளில் சேர்க்காத ஒரு பழைய நூலிலிருந்துதான் அவர் கதை நமக்கு வந்தது. அவர் கணவர் சுவக்கின் பெரிய பணக்காரர், காணிக்கையை எப்போதும் இரட்டிப்பாகக் கொடுப்பவர். ஒரு திருவிழா நாளில் அவர் காணிக்கையோடு போய் நின்றபோது, உனக்குத்தான் பிள்ளை இல்லையே, நீ முதலில் வந்து கொடுக்கக்கூடாது என்று ஒருவர் தடுத்துவிட்டார். மனுஷன் வீட்டுக்கே திரும்பவில்லை, பாலைவனத்துக்குப் போய் நாற்பது நாள் நோன்பிருந்தார். இவர்கள் சொத்தை மூன்றாகப் பிரித்து ஒரு பங்கு கோவிலுக்கு, ஒரு பங்கு ஏழைகளுக்கும் யாத்திரிகர்களுக்கும், ஒரு பங்கு வீட்டுக்கு என்று வைத்திருந்தார்கள் என்பது பிற்காலத்தில் சேர்ந்த கதை. பிள்ளை வரம் கேட்டு இங்கே வருகிற தம்பதிகளில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ. மரியாளைப் பெற்ற அம்மா என்பது தெரியும், அதற்கு முன்னால் கொடுக்கப் போய் அவமானப்பட்ட வீடு என்பது அவ்வளவாகத் தெரியாது.

பழைய கோவிலிலிருந்து இறங்கும் வழியில் ஒரு பெண்ணும் அவர் வீட்டுக்காரரும் மரத்தடியில் பெரிய நீலத் தோங்கை (பீப்பாயை) வைத்து மீகூன் (அரிசிச் சேமியா) பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பழுப்புத் தாளில் மடித்து ரப்பர் மாட்டியது, சம்பல் தனியாகச் சின்னப் பிளாஸ்டிக்கில். சுடச்சுட இருந்ததால் தாளில் எண்ணெய் ஊறி எதிர்ப்பக்கம் தெரிந்தது. சித்திக்கு வாய் சும்மா இருக்காது.

"நேர்த்திக்கடனாம்மா? பிள்ளைக்கா?"

"பிள்ளை இன்னும் இல்லைங்க ஆன்ட்டி."

"அப்போ கிடைச்ச பிறகு கொடுக்கலாம்ல?"

அந்தப் பெண் சிரித்தார். "கிடைச்சாதான் கொடுப்பேன்னா அது கடைக்காரன் கணக்கு ஆன்ட்டி. பசியாறிட்டீங்களா? இன்னொன்னு எடுத்துக்குங்க."

சித்தி எடுத்துக்கொண்டார். எனக்கு இதில் பிடித்தது அந்தப் பெண் சோகமாகச் சொல்லவில்லை என்பது. 'முகமலர்ச்சியோடு கொடுப்பவரே கடவுளின் அன்புக்கு உரியவர்' என்று கொரிந்தியருக்கு பவுல் எழுதியதை ஞாயிற்றுக்கிழமை உண்டியல் சுற்றுகிற நேரத்தில் கேட்டுக் கேட்டு நமக்கு மரத்துப்போயிருக்கும். அதே கடிதத்தில் முந்தின அதிகாரத்தைப் படியுங்கள், மக்கதோனியச் சபைகள் கொடிய வறுமையில் இருந்துகொண்டே எருசலேமில் கஷ்டப்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள், கொடுக்க எங்களுக்கும் இடம் கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டார்கள் என்று வரும்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஒன்று கொடு, நூறாகத் திரும்பி வரும் என்று மேடையில் முழங்குகிற ஒரு பிரசங்கத்தைச் சித்தி விடாமல் கேட்பார். பைபிளில் மலாக்கி 3:10ஐ எடுத்துக்கொண்டு, தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, கொண்டுவந்தால் வானத்தின் கதவு திறக்கும் என்று அவர்கள் சொல்கிறார்கள். வசனம் சரிதான். ஆனால் அந்தத் தசமபாகம் பெரும்பாலும் தானியம், திராட்சை ரசம், எண்ணெய், ஆடு மாடு; இணைச்சட்டம் (உபாகமம்) 14ஆம் அதிகாரப்படி மூன்றாம் ஆண்டுப் பங்கு கோவில் பணி செய்யும் லேவியருக்கும் அந்நியருக்கும் அனாதைக்கும் விதவைக்கும் போகிறது, அவர்கள் வயிறு நிறையச் சாப்பிடட்டும் என்று. அதாவது சாப்பாடு. இரண்டு காசு போட்ட ஏழை விதவையை மேடையில் புகழ்கிறவர்களும் மாற்கு 12இல் அதற்கு நேர் முந்தின வரியை விட்டுவிடுகிறார்கள்: கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிற மறைநூல் அறிஞர்களை இயேசு அங்கேதான் கண்டிக்கிறார். காணிக்கை வாங்குகிறவர்கள் அந்த இரண்டையும் சேர்த்தே படித்தால் நல்லது.

ரயிலுக்காகக் காத்திருந்தபோது இதையெல்லாம் சித்தியிடம் சொன்னேன். அவர் இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "சரி சரி, பிரசங்கம் போதும்" என்றார். அப்புறம், வீட்டுக்குப் பக்கத்துக் கோவில் திருநாளுக்கு இருநூறு பேருக்கு மீகூன் போட எத்தனை கிலோ வாங்கணும் என்று கேட்டார். பத்து கிலோ பத்துமா என்பதில் தொடங்கிய வாக்குவாதம் ஈப்போ தாண்டியும் முடியவில்லை.